கடன் முடிந்த வீட்டுக்கு யார் வரி கட்டுவது?

அமெரிக்காவில் இருக்கும் நம்ம ஆட்கள் வீட்டுக்கடனைப் பற்றிப் பேசாத வார இறுதி கிடையாது. யார் எத்தனை சதவீதத்துக்கு ரீஃபைனான்ஸ் செய்தார், யார் பதினைந்தே வருடத்தில் முடிக்கப் போகிறார், அசலில் மாதாமாதம் எவ்வளவு கூடுதலாகப் போடுகிறார் என்று பாட்லக்கில் புளியோதரை தீரும்வரை ஓடும். கடைசித் தவணை கட்டிவிட்டால் ஊருக்கு போன், கோயிலில் அர்ச்சனை, இனி வீடு நம்முடையது, எவனும் கைவைக்க முடியாது என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைக் கொஞ்சம் கெடுக்கத்தான் இதை எழுதுகிறேன். சொத்து வரி பாக்கிக்காக வீடு பறிபோகிற வழக்குகளை எடுத்துப் பார்த்தால், அதில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் வங்கிக் கடன் இல்லாத வீட்டுக்காரர்கள். கடனோடு இருப்பவர் தப்பித்துவிடுகிறார்.

காரணம் எளிதுதான். இங்கே சொத்து வரி பாக்கி என்பது வீட்டின் மேல் உட்காரும் முதல் உரிமை. வங்கியின் கடனுக்குக்கூட அதற்கு அடுத்த இடம்தான். வரிக்காக வீடு ஏலம் போனால் வங்கி கொடுத்த இரண்டு லட்சம் டாலரும் அம்போ. அதனால் வங்கி அந்த நிலைமைக்கே விடாது. எஸ்க்ரோ என்று மாதத் தவணையோடு சேர்த்து வாங்கி, கெடு தேதிக்குள் தானே கட்டிவிடும். எஸ்க்ரோ வைக்காதவர் வரியைக் கட்டாமல் விட்டால், வங்கியே கட்டிவிட்டு அதை உங்கள் கணக்கில் ஏற்றும். நாம் திட்டிக்கொண்டே தவணை கட்டுகிற அந்த வங்கிதான் இத்தனை வருடம் வாசலில் காவல் நாய் மாதிரி படுத்துக் கிடந்திருக்கிறது. கடன் முடிந்த அன்று அது எழுந்து போய்விடுகிறது.

ஆர்கன்சா மாநிலத்தில் லிட்டில் ராக் ஊர்க்காரர் கேரி ஜோன்ஸ் என்பவருக்கு நடந்தது இதேதான். முப்பது வருடம் மார்ட்கேஜ் கட்டினார், வரியை மார்ட்கேஜ் கம்பெனி கட்டிவந்தது. 1997-இல் கடன் முடிந்தது, வரி நின்றுபோனது. அவர் மனைவியைப் பிரிந்து வேறு வீட்டில் இருந்தார். அரசாங்கம் பழைய வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பியது, வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்தது, அடுத்த தபாலும் அப்படியே. சுமார் 80,000 டாலர் மதிப்புள்ள வீட்டை 21,042 டாலருக்கு விற்றுவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2006-இல் அவர் பக்கம் தீர்ப்பானது: தபால் திரும்பி வந்தது தெரிந்த பிறகும் அரசு சும்மா இருக்கக் கூடாது, வேறு வழியிலும் சொல்லப் பார்க்க வேண்டும் என்று. நல்ல தீர்ப்புதான், ஆனால் அதை நம்பி முகவரியை மாற்றாமல் விடலாம் என்று அர்த்தம் கிடையாது. ‘தபால் கைக்கு வரவில்லை’ என்ற ஒரே காரணத்துக்காக வரியோ வட்டியோ தள்ளுபடி ஆகாது.

நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டின் புறநகர்ப் பக்கம். அதனால் இங்கத்து விவரத்தையே சொல்கிறேன், மற்ற மாநிலங்கள் கொஞ்சம் கொஞ்சம் மாறும்.

எங்களுக்குத் தெரிந்த திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் இரண்டு வருடங்களுக்கு முன் கடனை முடித்தார். முடித்த சில வாரத்தில் வங்கியிலிருந்து ஒரு செக் வந்தது, எஸ்க்ரோவில் மிச்சமிருந்த பணம். வரிக்காக எடுத்து வைத்திருந்த காசு அது என்று அந்தச் செக்கில் எழுதியா இருக்கிறது? குடும்பத்தோடு ஃபுளோரிடா போய்விட்டு வந்தார்கள். ஜூலையில் கோடைக்கால வரி பில் வந்தது. இத்தனை வருடமும் அந்த பில்லின் நகல் வீட்டுக்கு வரும், ‘இது உங்கள் தகவலுக்காக மட்டும், அசல் மார்ட்கேஜ் கம்பெனிக்குப் போயிருக்கிறது’ என்று போட்டிருக்கும், அவரும் மடித்து டிராயரில் போட்டுவிடுவார். இந்த முறை வந்தது அசல், அதுவும் டிராயருக்கே போனது. டிசம்பரில் குளிர்கால வரி பில், அதே டிராயர். அடுத்து வந்த கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சாதாரணத் தபால்களையும் விளம்பரம் என்று நினைத்துவிட்டார். அதற்கடுத்த பிப்ரவரியில், வீட்டில் ஆள் இல்லாதபோது பதிவுத் தபால் வந்து திரும்பிய சீட்டு கதவில் ஒட்டியிருக்க, போஸ்ட் ஆபீஸ் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகுதான் எனக்கு போன் வந்தது.

“தம்பி, வருசா வருசம் கட்டிட்டுத்தானே இருந்தோம்?”

“நீங்க கட்டல அண்ணாச்சி, பேங்க் கட்டிச்சு.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அக்காவின் குரல்தான் கேட்டது, “அந்த டிராயரத் திறங்க மொதல்ல.”

அவர் கையில் பணம் இருந்தது, மறுநாளே போய்க் கட்டிவிட்டார், கதை அங்கேயே முடிந்தது. பணம் இல்லாதவருக்கு என்ன ஆகும் என்பதுதான் மிச்சக் கதை.

மிச்சிகனில் 1999-இல் வந்த ஒரு சட்டம் இதற்கு மூன்று வருடக் கடிகாரம் வைத்திருக்கிறது. 2023-ஆம் வருட வரியையே எடுத்துக்கொள்வோம். அந்த ஜூலையிலும் டிசம்பரிலும் வந்த பில்களை 2024 பிப்ரவரி கடைசிவரை நகராட்சியிலேயே கட்டலாம். மார்ச் 1 ஆனதும் பாக்கி கவுண்டியின் வரிக்கணக்கைப் பார்க்கும் ட்ரெஷரர் கைக்குப் போய்விடும், 4 சதவீதம் நிர்வாகக் கட்டணமும் மாதம் 1 சதவீதம் வட்டியும் ஏறும். 2025 மார்ச் 1-க்குள்ளும் கட்டவில்லை என்றால் சொத்து ‘ஃபோர்ஃபீட்’ ஆகிறது. பெயரைக் கேட்டுப் பதறிவிட வேண்டாம், வீடு இன்னும் உங்களுடையதுதான். ஆனால் வட்டி மாதம் 1.5 சதவீதமாகிறது, அதுவும் அன்றிலிருந்து இல்லை, 2024 மார்ச்சிலிருந்து பின்தேதியிட்டு. கூடவே பத்திரம் தேடிப் பார்த்த செலவு என்று 175 டாலரும் பதிவுக் கட்டணமும். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் ட்ரெஷரர் முன்னால் ஒரு விசாரணை, பிறகு சர்க்யூட் நீதிமன்றத்தில் ஒரு விசாரணை. 2026 மார்ச் 31-க்குள் கட்டாவிட்டால் அன்றோடு வீடு கவுண்டிக்கு. ஏப்ரல் 1-ஆம் தேதி வட்டியும் முதலுமாகத் தூக்கிக்கொண்டு போய் நின்றாலும் வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவர்களுக்குக் கிடையாது.

5,000 டாலர் பாக்கி என்று வையுங்கள். அந்த இருபத்தைந்து மாதத்தில் வட்டி மட்டும் 1,875, நிர்வாகக் கட்டணம் 200, மற்றதெல்லாம் சேர்த்தால் 7,200-ஐத் தாண்டிவிடும். கிரெடிட் கார்டு வட்டிக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. அந்த மூன்று வருடத்தில் சாதாரணத் தபால், பதிவுத் தபால், பத்திரிகை விளம்பரம், ஆள் வைத்து நேரில் வந்து கதவைத் தட்டுவது என்று எல்லாமே நடக்கும். டெட்ராய்ட் இருக்கும் வெய்ன் கவுண்டியில் கதவில் பளிச்சென்ற மஞ்சள் பை மாட்டிவிட்டுப் போவார்கள், தெருவே பார்க்கும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று. மூன்று வருடப் பாக்கியையும் ஒரே மூச்சில் கட்டினால்தான் வீடு தப்பும் என்றில்லை. கடிகாரம் ஓடுவது பழைய பாக்கிக்குத்தான். அந்த மிகப் பழைய வருடத்தை வட்டியோடு தீர்த்துவிட்டால் அந்த வருட ஃபோர்குளோஷர் பட்டியலிலிருந்து, அதாவது பாக்கிக்காக எடுத்துக்கொள்ளப் போகும் வீடுகளின் பட்டியலிலிருந்து, வீடு வெளியே வந்துவிடும், அடுத்த பாக்கிக்கு இன்னும் ஒரு வருட அவகாசம் கிடைக்கும். கையில் 3,000 டாலர்தான் இருக்கிறது என்று இருப்பவர்கள் ‘முழுசா சேரட்டும்’ என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடுவது உண்டு. சிலர் புது பில்லைக் கட்டிவிட்டுப் பழையதை விட்டுவிடுவார்கள், அது இன்னும் மோசம். கட்டும்போது எந்த வருடத்துக்கு என்று சொல்லிக் கட்டுங்கள், ரசீதில் அந்த வருடம் இருக்கிறதா என்று பாருங்கள். கெடு நெருங்கினால் பர்சனல் செக் வாங்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு வங்கியே எழுதித்தரும் கேஷியர்ஸ் செக்கோடு போவது நல்லது.

சரி, வீடு போய்விட்டது. ஏலத்தில் பாக்கிக்கு மேல் கிடைத்த பணம்? சில வருடங்களுக்கு முன்புவரை மிச்சிகனில் அதுவும் கவுண்டிக்குத்தான். ஓக்லண்ட் கவுண்டியில் ராஃபேலி எல்எல்சி என்ற நிறுவனம் 2011-ஆம் வருட வரியில் 8 டாலர் 41 சென்ட் குறைவாகக் கட்டியிருந்தது. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்து 285 டாலர் 81 சென்ட் ஆனது. கவுண்டி அந்த வீட்டை 24,500 டாலருக்கு விற்று, மொத்தத்தையும் எடுத்துக்கொண்டது. வட்டிக்கடைக்காரர்கூட அடகு நகையை ஏலம் விட்டால் மிச்சத்தைக் கணக்குப் பார்ப்பார். 2020 ஜூலையில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. மூன்று வருடம் கழித்து, 2023 மே மாதம், நாட்டின் உச்ச நீதிமன்றமும் மினசோட்டாவின் ஜெரால்டின் டைலர் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அதையே சொன்னது. அந்த அம்மாவுக்கு அப்போது வயது 94. முதியோர் குடியிருப்புக்கு மாறிப் போனபின் பழைய காண்டோவுக்கு (அடுக்குமாடி வீடு) வரி நின்றுபோனது. 2,300 டாலர் வரி, அதற்கு மேல் 13,000 டாலர் வட்டியும் அபராதமும். 40,000-க்கு விற்று மிச்ச 25,000-ஐயும் கவுண்டி வைத்துக்கொண்டிருந்தது. வரி வசூலிக்க உரிமை உண்டு, அதற்கு மேல் எடுத்தால் பறிப்பு என்றது தீர்ப்பு.

இதைப் படித்துவிட்டு ‘மிச்சம் எப்படியும் நமக்கு வந்துவிடும்’ என்று சிலர் ஆறுதல்பட்டுக்கொள்வதைப் பார்க்கிறேன். தானாக வராது. இங்கே வீடு போன அந்த வருட ஜூலை 1-க்குள் 5743 என்ற எண்ணுள்ள படிவத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டுக் கவுண்டிக்குக் கொடுக்க வேண்டும், அதுவும் ஏலம் நடப்பதற்கு முன்பே. பிறகு அடுத்த வருடம் பிப்ரவரி 1-க்கும் மே 15-க்கும் இடையில் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். வீடு போன அதிர்ச்சியில் இருக்கும் குடும்பத்தில் இத்தனை தேதியை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? ஜூலை 1 தவறினால் பொதுவாக அவ்வளவுதான். விற்ற தொகையில் 5 சதவீதத்தைக் கமிஷனாகவும் கழிப்பார்கள். அதைவிட முக்கியம், இந்தக் கணக்கெல்லாம் ஏல விலையை வைத்துத்தான், வீட்டின் நிஜ மதிப்பை வைத்து இல்லை. இசபெல்லா கவுண்டியில் பங் குடும்பத்தின் வீடு, சுமார் 2,200 டாலர் வரித் தகராறில், 1,94,000 டாலர் மதிப்பு என்று கவுண்டியே குறித்திருந்த வீடு, ஏலத்தில் 76,000-க்குப் போனது. நடுவில் காணாமல் போன லட்சத்துச் சொச்சம் யாருடையது என்ற அந்தக் கேள்வியை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இந்த மிச்சப் பணத்தை மோப்பம் பிடித்து வருகிற ஒரு கூட்டமும் உண்டு. ஃபோர்குளோஷர் பட்டியல் பொது ஆவணம் என்பதால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ‘நாங்கள் வாங்கித் தருகிறோம், பாதியைக் கொடுங்கள்’ என்பான் ஒருவன். ‘பாக்கியை நான் கட்டுகிறேன், நீங்கள் இந்தக் காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்’ என்பான் இன்னொருவன், அந்தக் காகிதம் குவிட் கிளெய்ம் டீடாக இருக்கும், அதாவது வீட்டையே எழுதிக்கொடுக்கிறீர்கள். படிவம் இலவசம். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச சட்ட உதவியும் இருக்கிறது.

டெட்ராய்ட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. கார் கம்பெனிகள் உச்சத்தில் இருந்த 1950-இல் பதினெட்டு லட்சம் பேர் இருந்த நகரம். ஆட்கள் போகப் போக வீட்டு விலை விழுந்தது, 2008-க்குப் பிறகு அதலபாதாளத்துக்குப் போனது. ஆனால் நகராட்சியின் மதிப்பீடு மட்டும் அந்த வேகத்தில் இறங்கவே இல்லை. மிச்சிகன் அரசியல் சாசனப்படி, வரிக்காகக் குறிக்கும் மதிப்பு சந்தை விலையில் பாதியைத் தாண்டக் கூடாது. பேராசிரியர்கள் பெர்னாடெட் அட்டுஹேனேவும் கிறிஸ்டோபர் பெர்ரியும் 2009 முதல் 2015 வரையிலான கணக்குகளைப் பார்த்ததில், வருடத்துக்கு வருடம் 53 முதல் 84 சதவீத வீடுகளுக்கு அந்த வரம்பை மீறி மதிப்புப் போட்டிருந்தது தெரியவந்தது. 20,000 டாலருக்கு விற்காத வீட்டுக்கு 60,000 டாலர் வீட்டின் வரி போட்டால் யார் கட்டுவார்? 2015 ஏலப் பட்டியலில் மட்டும் 25,000-க்கு மேற்பட்ட சொத்துகள். முதல் ஏலத்தில் போகாததை இரண்டாம் ஏலத்தில் 500 டாலரிலிருந்து கூவினார்கள். எங்கிருந்தோ இணையத்தில் பார்த்து வாங்கிப் போட்ட முதலீட்டாளர்கள், அதே வீட்டைப் பழைய சொந்தக்காரருக்கே வாடகைக்கு விட்டதும் நடந்தது. ஊரில் ஜமீன் காலத்துக் கதை சொன்னால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள், இது ஐஃபோன் வந்தபிறகு நடந்தது.

அதைவிட வயிற்றெரிச்சல் என்னவென்றால், இதில் எத்தனையோ குடும்பங்கள் வரியே கட்டத் தேவையில்லாதவை. வருமானம் மிகக் குறைந்த வீட்டுக்காரர்களுக்கு வரியை முழுவதுமாகவோ பகுதியாகவோ தள்ளுபடி செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. டெட்ராய்ட்டில் இப்போது ‘ஹோப்’ என்று அழைக்கிறார்கள். ஆனால் அதை வருடாவருடம் கேட்டு வாங்க வேண்டும், விண்ணப்பப் படிவத்தை வாங்குவதே அப்போது ஒரு பாடு. அமெரிக்கன் சிவில் லிபர்ட்டீஸ் யூனியன் 2016-இல் வழக்குப் போட்டு, 2018-இல் சமரசம் ஆன பிறகுதான் அந்த நடைமுறை எளிதானது. 2020-இல் ‘பேஸ்’ என்று இன்னொரு திட்டமும் வந்தது. தள்ளுபடிக்குத் தகுதி பெற்றவர்களின் பழைய பாக்கியில் வட்டி, அபராதத்தை நீக்கி, மிச்சத்தைப் பெருமளவு குறைத்து, மூன்று வருடத்தில் வட்டியில்லாமல் கட்ட விடுவது. ஹோப் கிடைத்தால்தான் பேஸ். தள்ளுபடி மனுவை மார்ச், ஜூலை, டிசம்பர் மாதங்களில் கூடும் ‘போர்டு ஆஃப் ரிவ்யூ’ பார்க்கும், அந்த டிசம்பர் கூட்டம் தவறினால் அந்த வருடம் கைவிட்டுப் போச்சு.

மதிப்பீடு அதிகம் என்று சண்டை போடவும் அதே போர்டுதான். பிப்ரவரி, மார்ச்சில் ஒரு நோட்டீஸ் வரும், அடுத்த வரி எதை வைத்துக் கணக்கிடுவார்கள் என்று. அக்கம்பக்கத்தில் சமீபத்தில் விற்ற மூன்று நான்கு வீடுகளின் விலையை எடுத்துக்கொண்டு மார்ச் கூட்டத்தில் போய் நிற்கலாம். ஜூலையில் பில் வந்தபிறகு கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை.

இன்னொரு சிக்கல், புதிதாக வீடு வாங்கும் நம்ம பிள்ளைகளுக்கு. 1994-இல் மிச்சிகன் மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள்: அதே ஆள் வீட்டை வைத்திருக்கும்வரை, வரிக்கான மதிப்பு வருடத்துக்கு விலைவாசி அளவுக்கோ 5 சதவீதமோ, எது குறைவோ அதற்கு மேல் ஏறாது. முப்பது வருடம் இருந்த தாத்தாவின் வரி 3,000 டாலராக இருக்கும். அதைப் பார்த்து பட்ஜெட் போட்டு நீங்கள் வாங்கினால், அடுத்த வருடம் மதிப்பு சந்தை நிலைக்கு எகிறி, பில் இரண்டு மடங்கு ஆனாலும் ஆச்சரியமில்லை. பழைய பில்லை நம்பாதீர்கள், நகராட்சியில் கேட்டால் புது மதிப்பில் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

வேறு மாநிலங்களில் கவுண்டி தானே காத்திருக்காமல் உங்கள் பாக்கியைத் தனியாரிடம் விற்றுவிடும். ஃபுளோரிடாவில் வரிப் பாக்கிச் சான்றிதழை ஏலம் விடுவார்கள், 18 சதவீத வட்டியில் ஆரம்பித்து யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கு. இரண்டு வருடம் கழித்து அவர் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர மனுப் போடலாம். டெக்சாஸில் 65 வயது ஆனவர்கள் சொந்த வீட்டு வரியைத் தள்ளிவைக்கக் கேட்கலாம், அந்த வீட்டில் இருக்கும்வரை ஏலம் விட முடியாது, வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். நம்மில் பெற்றோர் பெயரில் வீடு வைத்திருப்பவர்களும் உண்டு, அவர்களுக்கு இது உதவும்.

பாக்கி விழுந்துவிட்டால் முதலில் செய்ய வேண்டியது ட்ரெஷரர் அலுவலகத்துக்குப் போவது. மிச்சிகனில் பல கவுண்டிகள் தவணைத் திட்டம் போட்டுத்தரும். குடியிருக்கும் சொந்த வீடாக இருந்தால் வெய்ன் கவுண்டியில் 18 சதவீத வருட வட்டியை 6 ஆகக் குறைத்துத் தரும் திட்டமும் உண்டு. கஷ்ட நிலையைக் காட்டினால் ஒரு வருடம் தள்ளிவைக்கும் அதிகாரமும் ட்ரெஷரருக்கு இருக்கிறது. ஆனால் எல்லாமே மார்ச் 31-க்கு முன்னால். வேறு வழியே இல்லாதபோது சாப்டர் 13 திவால் மனு இருக்கிறது, ஐந்து வருடம்வரை தவணை கிடைக்கும். அதற்கு வக்கீல் வேண்டும், கெடு தாண்டிப் போனால் பயன் இருக்காது.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிப் போனவர்கள் ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். நீங்கள் கோயம்புத்தூரில் இருப்பீர்கள், பில் இங்கே டெட்ராய்ட் பக்கத்து நோவை ஊரில் இருக்கும் வீட்டுக்கு வரும், வாடகைக்காரர் அதைக் குப்பையில் போடுவார், அவர் மேல் தப்பும் சொல்ல முடியாது. நகராட்சியில் வீட்டு மதிப்பைக் குறிக்கும் அசெசர் அலுவலகத்தில் தபால் முகவரியை மாற்றுங்கள். குடியிருப்பவருக்கான வரிச்சலுகை வாங்கியிருந்தால், காலி செய்த 90 நாளுக்குள் அதை ரத்து செய்யச் சொல்லிப் படிவம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னாளில் கண்டுபிடித்துப் பழைய வருடங்களுக்கும் சேர்த்து பில் போடுவார்கள், அந்த பில்லும் நோவைக்குத்தான் போகும். அப்பா அம்மா இறந்து வீடு உங்களுக்கு வந்திருந்தால் பத்திரத்தை உங்கள் பெயருக்கு மாற்றிப் பதிவு செய்யுங்கள், இறந்தவர் பெயரில் இருக்கும் வீட்டுக்குச் சலுகை கேட்டால் கவுண்டர் தாண்டாது. அப்புறம், வருடத்துக்கு இரண்டு முறை, செப்டம்பரிலும் பிப்ரவரியிலும், நகராட்சி, கவுண்டி இரண்டின் இணையதளத்திலும் உங்கள் பார்சல் எண்ணை (வரி பில்லில் இருக்கும் சொத்து எண்) போட்டுப் பாருங்கள். பாக்கி பூஜ்யம் என்று காட்டினால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி இப்போது அதைச் செய்கிறார், எடுத்ததை எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார், வேண்டாம் என்றாலும்.